உப்பனுக்கு விடுதலை வாங்கிக் கொடுத்தவர்

இரக்க மேற்பார்வையாளர் என்று ஓர் இனம் நம் ஊர்களில் உண்டு. அவர்களை யாரும் நியமித்ததில்லை. சம்பளமில்லை, சீருடையுமில்லை. ஆனாலும் படலையைத் திறந்துகொண்டு வரும்போதே அடையாளம் தெரிந்துவிடும். தலை ஒரு பக்கம் சற்றுச் சாய்ந்திருக்கும். உதடுகள் 'ச்சூ' கொட்டுவதற்கு ஆயத்தமாகக் குவிந்திருக்கும். கண்கள் உங்கள் வளவுக்குள் எந்தச் சீவன் என்ன பாடு படுகிறது என்று தேடிக்கொண்டிருக்கும். எல்லாச் சீவன்களும் சுகமாக இருந்துவிட்டால் அன்றைக்கு அவர் கொஞ்சம் வாடிப்போவார்.

உங்கள் நாயின் சங்கிலி அவருக்குக் கட்டை. உங்கள் கோழிக்கூடு அவருக்கு ஒடுக்கம். உங்கள் போத்தலில் நீந்தும் மீன் தனிமையில் ஏங்குகிறது என்பது மீனைக் கேளாமலே அவருக்குத் தெரியும். கலியாணம் முடிந்து மறுநாள் நடக்கும் மச்ச விருந்தில் அவருக்குப் பக்கத்தில் உட்கார்ந்து பாருங்கள். ஆட்டிறைச்சிச் சட்டி வரும்போது பெருமூச்சு விட்டு, "பாவம், இளங்குட்டி" என்பார். சொன்ன கையோடு, எலும்பில்லாத துண்டாகப் பார்த்து இன்னொன்று போடச் சொல்வார். இதில் முரண்பாடு எங்கே இருக்கிறது? இரங்கியாயிற்று, இனிச் சாப்பிடலாம்.

அவருடைய இரக்கத்துக்கு ஒரு விசேடம் உண்டு. அதனால் வரும் நட்டம் எப்போதும் மற்றவர்களுடையது.

ஓர் இனத்தைத் தூரத்தில் நின்று விவரித்தால் போதாது. ஒன்றைப் பிடித்து, பக்கத்தில் வைத்துப் பார்க்க வேண்டும். கண்டாவளையில் இருக்கும் ஏரம்பரைப் பிடித்துக்கொள்வோம். பிடித்ததற்காக அவர் கோபித்துக்கொள்ள முடியாது. அண்மையில் அவரும் ஒன்றைப் பிடித்தவர்தான்.

ஏரம்பர் ஒரு கூட்டுறவுக் கடையில் முகாமையாளராக இருந்து ஓய்வு பெற்றவர். கொஞ்சம் வயலும் ஒரு மாட்டுப் பட்டியும் வைத்திருக்கிறார். எங்கள் பக்கத்து மாடுகள் காட்டோரம் மேயப் போய் ஊர் மாடுகளோடெல்லாம் கலந்துவிடும். அதனால் கன்று கொஞ்சம் வளர்ந்ததும் பழுக்கக் காய்ச்சிய கம்பியால் பின்தொடையில் உரிமையாளரின் எழுத்தைச் சுட்டுவிடுவது வழக்கம். காதில் மஞ்சள் வில்லை மாட்டும் காலம் வந்த பிறகும் ஏரம்பர் கம்பியை விடவில்லை. வில்லை அறுந்து விழும், எழுத்து விழுமோ என்பது அவருடைய கட்சி. அவருடைய மாடுகளின் தொடையில் 'ஏ' என்று இருக்கும்.

மாட்டுக்கு வலிக்காதா என்று கேட்டீர்களானால் உங்களைப் பரிதாபமாகப் பார்ப்பார். "மாட்டுத் தோல் எண்டால் என்ன எண்டு நினைச்சீங்கள்?"

அவருடைய வாழ்க்கையில் ஒரு பெரிய துக்கம் உண்டு. பால்வெள்ளை என்றொரு பசு ஒருமுறை காணாமற்போய், ஏரம்பர் சைக்கிளிலும் பஸ்ஸிலுமாகத் தேடித் தேடி, கடைசியில் பூவரசங்குளம் பக்கத்தில் யாரோ ஒருவருடைய கொட்டிலில் அதைக் கண்டார். தொடையில் அவருடைய 'ஏ' இருந்தது. ஆனால் அந்த 'ஏ'யின் மேல் வேறோர் எழுத்துச் சுடப்பட்டிருந்தது. மாடு கடைசியில் வந்து சேர்ந்துவிட்டது. கதை மட்டும் இன்னும் போய்க்கொண்டிருக்கிறது. செத்த வீடு, பிறந்தநாள், கோயில் கூட்டம், எங்கே போனாலும் பால்வெள்ளை கூடவே வரும். முடிவு வசனமும் மாறாது.

"களவெடுத்தவனை மன்னிப்பன். குறிமேலை குறி போட்டவன் மனிசனே இல்லை."

இதை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். ஏரம்பரும் வைத்திருந்திருக்கலாம்.

பள்ளிக்கூட விடுமுறை நாளொன்றில், அடுத்த ஞாயிற்றுக்கிழமை கன்றுகளுக்குக் குறி சுடப்போகிறோம், சாப்பாட்டுக்கு வந்துவிடுங்கள் என்று சொல்வதற்காகத் தங்கை பிரேமிளாவின் வீட்டுக்குப் போனார் ஏரம்பர். பிரேமிளாவின் கணவர் வெளிநாட்டில், கட்டாரில். அவள் வீட்டில் தையல் மெசினோடு இருக்கிறாள். தண்ணீர் மோட்டர் பழுதானாலும் வேலி சரிந்தாலும் அண்ணனைத்தான் கூப்பிடவேண்டும். அண்ணன் வருவார், திருத்துவார், திருத்தும்போது வளவிலுள்ள சீவன்களையும் ஒரு சுற்றுப் பார்த்துவிட்டுப் போவார்.

அன்றைக்கு நாய் அவிழ்த்து விடப்பட்டிருந்தது. கோழிகள் சந்தோசமாகக் கிளறிக்கொண்டிருந்தன. ஏரம்பரின் முகம் வாடத் தொடங்கியது. அப்போதுதான் உள்ளேயிருந்து, குடத்துத் தண்ணீர் சரிவதுபோல 'க்ளுக், க்ளுக்' என்று ஒரு சத்தம் கேட்டது.

பிரேமிளாவின் மகள் யதுர்ஷிகா, நாலாம் வகுப்பு, பாயில் குப்புறப் படுத்துத் தாயின் கைபேசியைப் பார்த்துக்கொண்டிருந்தாள். திரையில் இரண்டு பிராணிகள் ஒன்றையொன்று முட்டிக்கொண்டிருந்தன. ஏரம்பரின் தலை தானாக ஒரு பக்கம் சாய்ந்தது.

"உதென்ன பிள்ளை, ஒண்டை ஒண்டு இடிக்குது?"

"முட்டைச் சண்டை மாமா." விளையாட்டுக்கு ஆங்கிலத்தில் நீளமான பெயர் உண்டு. அதில் வரும் பிராணிகள் முட்டையிலிருந்து பொரிப்பதால் பிள்ளைகள் வைத்த பெயர் இது. "இது என்ரை உப்பன். மற்றது றஸ்மியான்ரை. ஜெமீல் மாமான்ரை மகள் றஸ்மியா. அவ தன்ரை வீட்டிலை இருந்து விளையாடுறா."

உப்பனுக்கு ஆமையின் ஓடு, ஆட்டுக்கடாவின் கொம்பு ஒன்றே ஒன்று, கைக்குழந்தையின் கண். கோபம் வந்தால் வெள்ளையாக எதையோ துப்பும். ஆனையிறவுக்குப் போய் உப்புக் குவியல்களைப் பார்த்து வந்த கிழமையில் பொரித்ததால் அந்தப் பெயர். பசித்தால் 'க்ளுக்' என்று கத்தும். ஓட்டின் மேல் மஞ்சள் நிறத்தில் 'ய' என்று எழுதியிருந்தது.

"அது என்ன எழுத்து?"

"உங்கடை மாடுகளுக்குப் போடுற மாதிரித்தான் மாமா. ஆனால் சுடேல்லை. பெயின்ற்தான்."

ஏரம்பருக்கு இந்தப் பதிலின் இரண்டாம் பாதி கேட்கவில்லை. இந்த இனத்தவர் கேள்வி கேட்பதில் வல்லவர்கள். பதில் வரும் நேரத்தில் அடுத்த கேள்வியைத் தயாரித்துக்கொண்டிருப்பார்கள்.

"சண்டை பிடிக்க விருப்பமோ எண்டு அதைக் கேட்டனியோ?"

"அது கதைக்காது மாமா."

"கதைக்காது! கேட்டியே பிரேமிளா? கதைக்காத சீவனாய்ப் பாத்துக் கொண்டுவந்து இடிபட விடுறாள். தோத்தால் என்ன செய்யும்?"

"மயங்கும்."

"பிறகு?"

"கூழ் குடுத்தால் எழும்பும்."

"எழும்பி?"

யதுர்ஷிகா கொஞ்சம் யோசித்தாள். பொய் சொல்லிப் பழகாத பிள்ளை. "எழும்பித் திரும்பச் சண்டை" என்றாள்.

"முருகா!" என்று கதிரையில் அமர்ந்தார் ஏரம்பர்.

"மாமா, இஞ்சை பாருங்கோ, உப்பனுக்கு மேலை ஒரு கோடு இருக்கு. அடி விழ விழ அது குறையும். கடைசியாய்ச் சிவப்பாய் வரும். சிவப்பு வரமுன்னம் நான் உப்பனை எடுத்துப்போடுவன். இப்பவும் பாருங்கோ." விரலால் எதையோ தொட்டாள். உப்பன் பின்வாங்கித் தன் கூட்டுக்குள் போய்ப் படுத்துக்கொண்டது. எதிராளியின் பக்கத்தில் பூ மழை பொழிந்தது. "தோத்துப்போனன்" என்று, மழை விட்டுவிட்டது என்பதுபோலச் சாதாரணமாகச் சொன்னாள்.

நீங்கள் இதைக் கவனித்தீர்கள். ஏரம்பர் கவனிக்கவில்லை. அவர் அப்போது தங்கையின் பக்கம் திரும்பி, கையை உயர்த்தியிருந்தார்.

"அண்ணை, அது வெறும் படம்" என்றாள் பிரேமிளா, வாயில் ஊசியைக் கவ்விக்கொண்டு.

"படம் எண்டு நீ சொல்லுறாய். பிள்ளையின்ரை மனம் படமோ? இண்டைக்குப் படத்தை இடிக்க விடுவாள். நாளைக்கு ஆட்டுக்கு அடிப்பாள். நாளையிண்டைக்குக் கட்டிப்போற இடத்திலை மாமியாருக்கு அடிப்பாள்."

"மாமியாருக்கு அடிக்கேக்கை அதை அப்ப பாப்பம்."

"பகிடியோ? ஒரு சீவனைக் கூட்டிலை அடைச்சு வைச்சு, தன்ரை சந்தோசத்துக்கு இடிபட விடுறது பகிடியோ? திறந்து விடு பிள்ளை அதை. இப்பவே விடு."

யதுர்ஷிகா எழுந்து உட்கார்ந்தாள். "விட்டால் காட்டுக்குப் போயிடும் மாமா. பிறகு என்னட்டை வராது."

"வராட்டித்தானே அது விடுதலை?"

பிள்ளை தாயைப் பார்த்தது. பிரேமிளா ஊசியை வாயிலிருந்து எடுத்தாள். தாய்மாமன். நாளைக்கு இந்தப் பிள்ளை பெரியபிள்ளையானால் சாமத்தியச் சடங்கில் முன்னால் நிற்க வேண்டியவர். தண்ணீர் மோட்டரோ போன கிழமைதான் திருத்தியது, இன்னும் ஒருவிதமாய் இரைகிறது. "மாமா சொல்லுறார் பிள்ளை..." என்று வசனத்தை முடிக்காமல் விட்டாள்.

விடுவிக்கும் இடத்தை யதுர்ஷிகா கண்டுபிடித்தாள். நிச்சயமா என்று விளையாட்டு ஆங்கிலத்தில் கேட்டது. பிள்ளையின் விரல் திரைக்கு மேலே நின்றது, இறங்கவில்லை. ஏரம்பர் குனிந்து, தன் விரலால் அழுத்தினார். மெய்யாகவே நிச்சயமா என்று மறுபடி கேட்டது. மறுபடியும் அழுத்தினார். உப்பன் கூட்டிலிருந்து வெளியே வந்து, நாலடி நடந்து, திரும்பிப் பார்த்து, ஒரு மரத்தடியில் நின்றது. பிறகு திரையில் வெறுங்கூடு மட்டும் இருந்தது.

"பாத்தியே, திரும்பிப் பாத்து நன்றி சொல்லுது" என்றார் ஏரம்பர்.

ஒரு கிழமைக்குப் பிள்ளை கைபேசியைத் தொடக்கூடாது என்ற தீர்ப்பையும் வழங்கி, தேநீர் குடித்து, நெஞ்சு நிறையப் புறப்பட்டார். யதுர்ஷிகா அழவில்லை. பாயைச் சுருட்டி வைத்துவிட்டுக் குசினிக்குள் போய் நின்றாள். வழியில் தன்னுடைய நாம்பன் மாடொன்று யாருடையதோ வேலியில் தலையை விட்டு மேய்வதைக் கண்ட ஏரம்பர், பூவரசந் தடி முறித்து அதன் முதுகில் நாலு போட்டார். அது வேறு. நாம்பன் படம் அல்லவே, அடித்தால் புத்தி வரும்.

இனி இந்த இனத்தின் இரண்டாம் பருவத்துக்கு வருவோம். நெருப்பென்று வாயால் சொன்னால் போதாது, தொட்டுப் பார்த்துவிட்டுத்தான் பேசவேண்டும் என்று இவர்களுக்கு ஒரு நாள் தோன்றும். வாசிகசாலையில் ஏரம்பர் உப்பனின் விடுதலையை விரித்துச் சொல்லிக்கொண்டிருந்தபோது, மூலையில் பேப்பர் பார்த்துக்கொண்டிருந்த யாரோ, "நீங்கள் உந்த விளையாட்டை விளையாடிப் பாத்தனீங்களோ?" என்று கேட்டுவிட்டார்கள். மறுநாள் ஏரம்பர் பரந்தன் சந்தியிலுள்ள ஜெமீலின் கைபேசிக் கடையில் நின்றார். ஜெமீலின் இரண்டு பசுக்களும் ஏரம்பரின் பட்டியில்தான் நிற்கின்றன. ஆகவே கடையில் அவருக்குக் கதிரை உண்டு.

"அந்த முட்டைச் சண்டையை என்ரை போனிலை போட்டு விடும் ஜெமீல். ஆராய்ச்சிக்கு."

"எல்லாரும் ஆராய்ச்சிக்குத்தான் அண்ணை போடுறவை" என்றார் ஜெமீல். சிரிக்கவில்லை. அவருக்குச் சிரிக்காமல் பேச வரும்.

இந்த விளையாட்டில் கைபேசியைக் கையில் பிடித்துக்கொண்டு நடந்தால், அந்தந்த இடத்தில் திரியும் பிராணிகள் திரையில் தெரியும். வலை வீசிப் பிடிக்கலாம். ஏரம்பர் வாய்க்கால் கரையால் நடந்தார். பாலத்தடியில் பல்லிபோல ஏதோ ஒன்று. பிடிக்கவில்லை, ஆராய்ச்சிதானே. கோயிலடியில் ஒரு சிறகு முளைத்த தேங்காய். அதையும் விட்டார். பிரேமிளாவின் படலையடிக்கு வந்தபோது திரை ஒருமுறை மினுங்கியது.

உப்பன் நின்றது. விட்ட மரத்தடியில், விட்டபடியே, படலையைப் பார்த்துக்கொண்டு நின்றது. ஓட்டில் மஞ்சள் 'ய'.

ஏரம்பரின் உள்ளம் உருகிற்று. இதைக் கேலியாகச் சொல்லவில்லை, உண்மையாகவே உருகிற்று. தனியாக நிற்கிறதே. வெளியில் நின்றால் கண்டவன் பிடித்துக்கொண்டுபோய் இடிபட விடுவானே. பொறுப்பான ஒருவர் கையில் அல்லவா இருக்க வேண்டும்? பொறுப்பான ஒருவர் யார் என்று சுற்றுமுற்றும் பார்த்தார். வீதியில் வேறெவரும் இல்லை. வலையை வீசினார்.

உள்ளே தையல் மெசின் ஓடும் சத்தம் கேட்டது. கூப்பிட்டு, "பிள்ளை, உன்ரை உப்பன் இஞ்சை நிக்குது" என்று சொல்லியிருக்கலாம். ஆனால் சொன்னால் பிள்ளை மறுபடி அடைத்து வைக்குமே. அது பாவமல்லவா? ஆகவே அவர் அடைத்து வைத்தார்.

அடுத்த வேலை என்ன? மாடு வளர்க்கிற மனிதனுக்கு அதைச் சொல்லித்தரவேண்டியதில்லை. பட்டிக்குள் வந்தது எதுவானாலும் எழுத்துப் போட்டாக வேண்டும். விளையாட்டில் நிறம் பூசும் இடத்தைத் தேடிப் பிடித்து, கண்ணாடியைத் துடைத்துப் போட்டு, மஞ்சள் 'ய'யின் மேல் சிவப்பில் 'ஏ' என்று தடிப்பாக எழுதினார். கை பழகிய கை. ஒரு கணமும் தயங்கவில்லை.

அதன் பிறகு ஆராய்ச்சி சூடு பிடித்தது. சண்டை எவ்வளவு கொடியது என்று அறிய வேண்டுமானால் ஒரு சண்டையாவது பார்க்க வேண்டும். ஒன்றை வைத்து முடிவுக்கு வர முடியுமா? இன்னொன்று. மத்தியானச் சாப்பாட்டுக்குப் பின் வைக்கோற் போருக்குப் பின்னால் ஏரம்பர் காணாமற்போனார். அங்கிருந்து, "முட்டு! விடாதை! இன்னும் ஒரு இடி!" என்று குரல் வந்தது.

"ஆரோடை சண்டை பிடிக்கிறியள்?" என்று மனைவி பூரணம் குசினியிலிருந்து கேட்டாள்.

"மாட்டோடை."

"மாடெல்லாம் இஞ்சாலை நிக்குது."

உப்பனின் தலைக்கு மேலிருந்த கோடு குறைந்து குறைந்து சிவப்பாகியது. ஏரம்பருக்கு அந்தக் கோடு எதற்கென்று தெரியாது. யாரோ ஒருமுறை சொல்ல வந்ததுபோல ஒரு நினைவு. உப்பன் மயங்கி விழுந்தது. "பாவம்" என்றார். கூழ் கொடுத்தார். எழும்பியதும் அடுத்த சண்டைக்கு அனுப்பினார். இரங்கியாயிற்று, இனி விளையாடலாம்.

அந்தக் கிழமை முடிவில், தண்டனை தீர்ந்த யதுர்ஷிகா தாயின் கைபேசியோடு வேலி ஓரமாக நடந்தாள். படலையடியில் ஒன்றுமில்லை. மதகடியிலும் கோயிலடியிலும் தேடிவிட்டு வந்து தையல் மெசினுக்குப் பக்கத்தில் நின்றாள்.

"அம்மா, ஆரோ பிடிச்சிட்டினம்."

"வேறை ஒண்டு பொரிக்கும்தானே பிள்ளை."

"ஓம்" என்றாள். கொஞ்ச நேரம் கழித்து, "பிடிச்ச ஆக்கள் சிவப்பு வரமுன்னம் எடுப்பினமோ?" என்று கேட்டாள். பிரேமிளாவுக்கு அந்தக் கேள்வி விளங்கவில்லை. ஆனாலும் அவள் மெசினை நிறுத்தினாள்.

ஞாயிற்றுக்கிழமை வந்தது. பட்டியடியில் விறகு எரிந்து, கம்பி சிவந்துகொண்டிருந்தது. பிரேமிளாவும் பிள்ளையும், ஜெமீலும் மகளும் வந்திருந்தார்கள். எல்லாரும் சாப்பிடக்கூடியதாக இருக்கட்டும் என்று கோழிகளை ஹலால் முறையில் அறுத்துக் கொடுத்தவர் ஜெமீல். அந்த நேரம் ஏரம்பர் முகத்தை மறுபக்கம் திருப்பி, கண்ணை மூடிக்கொண்டு, ஒரு முழுக்கால் தனக்கென்று பூரணத்திடம் சொல்லி வைத்தார். அயல் பட்டிக்காரர் தங்கராசாவும் கயிறு பிடிக்க வந்திருந்தார். மாட்டு வழக்கு ஏதும் வந்தால், குறி சுடும் இடத்திலேயே, நிற்பவர்களில் மூத்தவர் தீர்த்துவிடுவது வழக்கம். தங்கராசா மூத்தவர். தீர்ப்பு விரைவாகச் சொல்வார், பெரும்பாலும் சாப்பாட்டுக்கு முன்.

கடைசிக் கன்று ஒரு செவலை நாம்பன். கால்களைக் கட்டிச் சரித்தார்கள். அது கத்தியது.

"உது வலியிலை கத்தேல்லை" என்று ஏரம்பர் சுற்றி நின்றவர்களுக்கு விளக்கினார். "வெக்கத்திலை கத்துது." இடக்கையால் வாலைப் பிடித்தார். வலக்கையில் சிவந்த கம்பி. கம்பியைத் தொடைக்குக் கிட்டக் கொண்டுபோனார்.

க்ளுக்.

எல்லாரும் கன்றைப் பார்த்தார்கள்.

க்ளுக், க்ளுக்.

"அம்மா" என்றாள் யதுர்ஷிகா. "உப்பன்."

"எங்கை?"

"மாமான்ரை சேட்டுப் பொக்கற்றுக்கை."

ஏரம்பருடைய ஒரு கையில் வால், மறு கையில் நெருப்பு. பொக்கற்றைப் பொத்துவதற்கு மூன்றாவது கை இல்லை. "உது மழை வரப்போகுதெண்டு போன் சொல்லுது" என்றார்.

ஜெமீல் வானத்தை நிமிர்ந்து பார்த்தார். வெயில் கண்ணைக் குத்தியது. "தீன் போடுங்கோ ஏரம்பண்ணை. காலமையிலை இருந்து பட்டினி போலை. பாவம், வாயில்லாச் சீவன்."

தங்கை ஒருத்திக்குத்தான் அந்தத் துணிவு வரும். பிரேமிளா நேரே போய் அண்ணனின் பொக்கற்றுக்குள் கையை விட்டுக் கைபேசியை எடுத்தாள். பார்த்தாள். தங்கராசாவிடம் நீட்டினாள்.

"இதென்ன, ஆமையோ ஆடோ?" என்றார் தங்கராசா.

"ரெண்டும்தான் அம்மப்பா" என்றாள் றஸ்மியா. கண்டாவளைப் பிள்ளைகள் எல்லாருக்கும் அவர் அம்மப்பாதான்.

"ஆற்றை?"

"யதுவின்ரை."

"என்ரை" என்றார் ஏரம்பர் அதே நேரத்தில். "அதாவது... ஆருமில்லாமல் கட்டாக்காலியாய் நிண்டது. கண்டவன் பிடிச்சுச் சித்திரவதை செய்வான் எண்டு பாதுகாப்புக்கு வைச்சிருக்கிறன்."

"குறி என்ன?" தங்கராசா கைபேசியைக் கண்ணுக்கு வெகு கிட்டப் பிடித்தார். மாட்டுத் தொடை பார்த்துப் பழகிய கண், ஓட்டையும் அப்படியே பார்த்தது. "மேலை 'ஏ'. சிவப்பு. ம்ம். கீழை ஒண்டு கிடக்கு. மஞ்சள். இந்தக் கால் இப்பிடி இறங்கி... 'ய'." நிமிர்ந்தார். "குறிமேலை குறி போட்டிருக்கு."

பால்வெள்ளையின் கதையை அங்கு நின்ற ஒவ்வொருவரும் ஏரம்பரின் வாயாலேயே, எத்தனை செத்த வீடுகளில் கேட்டிருக்கிறார்கள்! அதன் முடிவு வசனம் எல்லாருக்கும் மனப்பாடம். எல்லாரும் அதை மனதுக்குள் ஒருமுறை சொல்லிப் பார்த்தார்கள் என்பது முகங்களில் தெரிந்தது. யாரும் வாய் திறக்கவில்லை. அந்த மரியாதைதான் ஏரம்பருக்குத் தாங்க முடியாமல் இருந்தது.

"அவள்தானே திறந்து விட்டவள்" என்றார் மெல்ல.

"ஆர் விடச் சொன்னது?"

"...நான்தான்."

"விடச் சொன்னதும் நீ. பிடிச்சதும் நீ. எழுத்தை மூடி எழுத்துப் போட்டதும் நீ." தங்கராசா குசினிப் பக்கமாக மூக்கை உயர்த்தி மணம் பிடித்தார். "முதல் குறி ஆற்றையோ, சீவன் அவையின்ரை. சோறு ஆறப்போகுது."

ஜெமீல் இரண்டு கைபேசிகளையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து எதையோ தட்டினார். ஒன்றை எடுத்தால் ஒன்றைக் கொடுக்க வேண்டும் என்பது விளையாட்டின் விதி. யதுர்ஷிகா தன்னிடமிருந்த ஒரு முட்டையைக் கொடுத்தாள். உப்பன் வந்து சேர்ந்தது. அவள் முதலில் கூழ் வைத்தாள். பிறகு திரையை முகத்துக்குக் கிட்டக் கொண்டுபோய்ப் பார்த்தாள்.

"மாமா, கொம்பிலை ஏன் கட்டுப் போட்டிருக்கு?"

ஏரம்பர் கம்பியைப் பார்த்தார்.

"சிவப்பு வந்த பிறகும் விட்டால்தான் கட்டுப் போடும். என்னட்டை இருக்கேக்கை ஒருநாளும் கட்டு வந்ததில்லை."

"எனக்கு அந்தக் கோடு... தெரியாது பிள்ளை."

"நான் அண்டைக்குச் சொன்னனான் மாமா" என்றாள். குற்றம் சொல்லும் குரலில் இல்லை. சொன்னதைச் சொன்னாள். பிறகு றஸ்மியாவோடு வேப்பமர நிழலுக்குப் போய், சிவப்பு 'ஏ'யை அழித்து, மஞ்சளில் முன்னையதைவிடப் பெரிய 'ய' ஒன்று எழுதினாள். அன்றைக்கு அவர்கள் இருவரும் சண்டைக்கு விடவில்லை. உப்பன் நித்திரை கொள்ள, இரண்டு பேரும் அதைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

ஏரம்பர் வெட்கத்தால் ஒடுங்கிப்போனார், இனி வாய் திறக்கமாட்டார் என்று நினைக்கிறீர்களா? அப்படியென்றால் இந்த இனத்தைப் பற்றி இவ்வளவு நேரம் சொன்னது வீண். முழுக்காலைச் சாப்பிட்டார். கையைக் கழுவினார். யதுர்ஷிகா கொடுத்த முட்டை அடுத்த கிழமை பொரித்தது. அதற்கடுத்த கிழமை வாசிகசாலையில் புதிய கொள்கையொன்றை வெளியிட்டார். விளையாட்டில் பிழையில்லை, விளையாடுகிறவர்களின் மனதில்தான் இரக்கம் வேண்டும். தலைக்கு மேலே ஒரு கோடு இருக்கிறது. அது சிவக்கமுன் பிராணியை எடுத்துவிட வேண்டும். இது அவர் சுயமாக, ஆராய்ச்சி செய்து கண்டுபிடித்தது. இப்போது வீடு வீடாகப் போய்ப் பிள்ளைகளுக்குப் படிப்பிக்கிறார். யதுர்ஷிகாவுக்கும் படிப்பித்தார். அவள் "ஓம் மாமா" என்று முழுவதையும் கேட்டாள்.

நீங்கள் ஏரம்பரைப்போல அல்லர். அது தெரிந்த விடயம். நீங்கள் பிறர் கைபேசியை எட்டிப் பார்க்கமாட்டீர்கள், பிள்ளைகள் சொல்வதைக் காதுகொடுத்துக் கேட்பீர்கள், படலையடியில் தனியாக நின்ற உப்பனுக்காக ஒருமுறை 'ச்சூ' கொட்டியிருப்பீர்கள், அதன் கொம்பில் கட்டைக் கண்டதும் இன்னொருமுறை. நல்ல மனம்.

அந்தச் செவலைக் கன்று என்னவாயிற்று?

நினைவில்லையா? காலைக் கட்டி வெயிலில் சரித்துப் போட்டிருந்தார்களே. கத்திக்கொண்டிருந்ததே. குறி பார்த்து, தீர்ப்புச் சொல்லி, முட்டை மாற்றி, எல்லாரும் சாப்பிடப் போகும்வரை அது அங்கேதான் கிடந்தது. பட்டியடியில் நின்றவர்களில் ஒருவரும் அதைத் திரும்பிப் பார்க்கவில்லை. இதை வாசித்துக்கொண்டிருந்த நீங்களும்தான். கம்பி ஆறிப்போயிருந்தது. எப்படியோ உதைத்து உதைத்துக் கயிற்றைத் தளர்த்திக்கொண்டு, எழுத்தில்லாத தொடையோடு, காட்டுப் பக்கம் போய்விட்டது. அதற்கு விடுதலை வாங்கிக் கொடுத்தவர் எவருமில்லை.

போகட்டும். கழுத்தை ஒருமுறை தடவிப் பாருங்கள். தலை ஒரு பக்கம் சாய்ந்திருக்கிறதா?